நுவரெலியாவுல கடலை அவிக்கப் பானையா, குக்கரா?

மட்டக்களப்பு கல்லடியில எங்கட வீட்டுல ராவே கடலைய ஊறப்போட்டா, காலையில பானையில ஒரு மணித்தியாலம் போல அவிஞ்சாச் சரி, கடல் மட்டம்தானே, தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். நுவரெலியாவுல மச்சான் வீட்டுல அதே மாதிரி போட்டம், தண்ணி குபுகுபுண்டு கொதிக்கி, கடலை மட்டும் கல்லு! பழைய கடலை எண்டு கடைக்காரர ஏசினன், பாவம் மனுசன்.

விசயம் என்னெண்டா அந்த ஊர் 1,868 மீற்றர் உயரம், காத்தழுத்தம் குறைவு, அதால தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், மறுகா நெருப்ப எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறாது, தண்ணிதான் வத்தும், கேஸும் வீண். முட்டை, கிழங்குக்கும் இதே கதைதான்.

குக்கர் எண்டா ஆவிய உள்ளயே அடைச்சு அழுத்தத்தக் கூட்டும், மட்டக்களப்புல 120 டிகிரி கிட்டப் போகும், நுவரெலியாவுல ஒரு மூண்டு டிகிரி குறையும், ஒண்டு ரெண்டு விசில் கூட விட்டா முடிஞ்சுது. எனக்கெண்டா இங்க பானைக் கடலை ருசிதான் பிடிக்கும், ஆனா மலையில குக்கர்தான், யோசிக்கவே வேணாம். தேத்தண்ணிக்கு 94 தாராளம்.