சுங்கை சிப்புட் இலக்கிய டியூஷன்: 60 ரிங்கிட் தகுமா?

படிவம் ஐந்து படிக்கும் மகளை இங்கே ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் ஐந்து முடிவில் எழுதும் அரசாங்கப் பரீட்சை) தமிழ் இலக்கிய டியூஷனில் சேர்த்து மூன்று மாதமாகிறது. சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், மாதம் 60 ரிங்கிட். கீழே லோரிக்குள் காத்திருந்து அலுத்துப்போய் ஒருநாள் நானும் மேலே ஏறிக் கடைசி மேசையில் உட்கார்ந்துவிட்டேன், வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் காலத்தில் 'மலர் போன்ற முகம்' உவமை, 'முகமலர்' உருவகம், மனப்பாடம் செய், முடிந்தது. இவர் அணியின் பெயரையே முதலில் சொல்வதில்லை. "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" குறளை எழுதிப் போட்டுவிட்டு, செம்பனைக் குலையை அளவுக்கு மேல் ஏற்றினால் லோரி என்ன ஆகும் என்று கேட்டார். மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனாலும் அச்சு முறியும். சரி, வள்ளுவர் எதற்கு வண்டியைப் பற்றிப் பேசுகிறார்? பிள்ளைகள் முழிக்க, அதிகாரத்தைப் பாருங்கள் என்றார். வலியறிதல். பகைவர்கள் தனித்தனியே எளியவர்களானாலும் ஒன்றுதிரண்டால் வலியவனும் தாங்கமாட்டான், ஆனால் குறளில் அரசனும் இல்லை பகைவனும் இல்லை, வண்டி மட்டும்தான் நிற்கிறது. சொல்ல வந்ததை மறைத்து உவமையை மட்டும் சொல்வதால் பிறிது மொழிதல் அணி. பெயர் அப்போதுதான் வந்தது. பதினெட்டு வருடமாகக் குலை ஏற்றும் எனக்கு அது இனி மறக்காது.

"தேவர் அனையர் கயவர்" வந்த நாள் இன்னும் கலகலப்பு. நினைத்தபடி நடப்பதில் கயவரும் தேவரும் ஒன்றாம், புகழ்வதுபோல் குத்தும் வஞ்சப்புகழ்ச்சி. மகள் அதை வீட்டில் என்மேலேயே பழகிப் பார்க்கிறாள்.

குறையும் உண்டு. இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தாமாக ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்ற அணியை, ஆங்கிலத்தில் 'பெர்சனிஃபிகேஷன்', அதாவது உயிரில்லாததை மனிதர்போல் காட்டுவது, என்று சொல்லி முடித்துவிட்டார். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் ஆடுவது இயல்பு, கோவலனையும் கண்ணகியையும் "வாராதீர்கள்" என்று தடுக்கவே கை காட்டுகிறது என்பது இளங்கோவடிகள் தாமாக ஏற்றிய காரணம். கொடிக்குக் கை இருப்பதைவிட அந்தக் காரணம்தான் அங்கே முக்கியம். மகள் கேட்டதற்கு "பரீட்சைக்கு இது போதும்" என்றாராம். எனக்குப் போதவில்லை.

நோட்ஸுக்குத் தனியாக 5 ரிங்கிட், அதில் பாதி எழுத்து மங்கல். ஏர்கோனும் ஓடுவதில்லை. இருந்தாலும் அடுத்த மாதமும் அனுப்புகிறேன். நீங்களும் சேர்ப்பதாக இருந்தால் பிள்ளைகளைச் சீக்கிரமே அனுப்பிவிடுங்கள், காற்றாடிக்கு அடியில் நாலு இடம்தான்.