மொபைல் கடையில் 1,500 ரூபாய்க்குப் போட்ட 'சைல்டு லாக்'

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கடையில் போன் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்திருப்பவர்கள், முதல் வேலையாக அதில் காண்டாக்ட்ஸைத் திறந்து பாருங்கள். முன்பின் தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும் விடாதீர்கள்.

என் மகளுக்கு 12 வயது. டியூஷன் குரூப்புக்காகப் போன் வாங்கினோம். (வாட்ஸ்அப்புக்கே 13 வயது ஆக வேண்டும். அது எங்கள் தப்பு.) எங்களுடையது பழைய வீடு. ரவுட்டர் வீட்டின் முன்பக்கம் முகப்பில், அடுப்படி பின்பக்கம் இரண்டாங்கட்டில். முகப்புச் சுவரைத் தாண்டி வைஃபை உள்ளே வளவுக்குள் வராது, பிள்ளை முகப்பில் உட்கார்ந்து என்ன பார்க்கிறாள் என்பதும் எனக்குத் தெரியாது. அதனால்தான் கடைக்காரர், "சைல்டு லாக் போட்டுத் தர்றேன் ஆச்சி, கண்ணை மூடிக்கிட்டுக் கொடுங்க" என்றதும் 1,500 ரூபாயை எடுத்து வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தேன்.

பிள்ளையார் நோன்பன்று பட்டுப்பாவாடை கட்டி, இழை எடுக்கும் சடங்கில் நின்ற படத்தை டிபியாக வைத்திருந்தாள். மறுநாள் காலையில் ஒரு செய்தி: "பாப்பா டிரஸ் சூப்பர்". அனுப்பியவர் பெயர் 'சென்ட்ரிங்' என்று இருந்தது. எங்களுக்கு எந்த சென்ட்ரிங்காரரையும் தெரியாது.

நோன்புக்கு வந்திருந்த அண்ணன் மகன் போனை வாங்கிப் பார்த்தான். "அயித்தை, இவங்கல்லாம் யாரு?" 'தேவகோட்டை வட்டி', 'ஜேசிபி டிரைவர்', 'கறிக்கடை' என்று முந்நூறு பேருக்கு மேல்.

நடந்தது இதுதான். கடைக்காரர் தனியாக ஜிமெயில் தொடங்கவில்லை. கடையில் ஏற்கெனவே இருந்த ஒரே ஜிமெயிலை, வாங்க வருகிற எல்லாருடைய போனிலும் போட்டிருக்கிறார். அவர்கள் சேமிக்கும் நம்பர் எங்களுக்கு வருகிறது. என் மகள் சேமித்த 'அப்பத்தா', 'ஸ்கூல் வேன்', 'கணக்கு மிஸ்' அவர்களுக்குப் போகிறது. டிபியை 'மை காண்டாக்ட்ஸ்' மட்டும் பார்க்கலாம் என்று வைத்திருந்தாள், பாவம். அந்த முந்நூறு பேரும் காண்டாக்ட்ஸ்தானே! கூகுள் போட்டோஸ் பேக்கப்பும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஜிமெயில் இருக்கும் போனை வைத்திருக்கிற யாரும் அவள் படங்களைப் பார்த்திருக்கலாம். இதை எழுதும்போதும் வயிறு கலங்குகிறது.

அந்தக் கணக்கில் பிறந்த வருடம் 1990. அப்புறம் கூகுள் எதைத் தடுக்கும்? சைல்டு லாக் என்பது யூடியூப் ஐகானை மறைத்து வைத்ததுதான். குரோமில் போய் யூடியூப் பார்த்திருக்கிறாள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் ஆச்சி. தனித்தனியா போட்டா பாஸ்வேர்டை மறந்துட்டு எங்ககிட்டதான் வந்து நிப்பாங்க" என்றார். பணம் திரும்பவில்லை. டெம்பர்டு கிளாஸ் ஒன்று ஓசியாக ஒட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அந்த நம்பரை பிளாக் செய்தோம். அந்த ஆள் நல்லவராகவும் இருக்கலாம், யார் கண்டது. இன்னொரு முறை வந்தால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவில் போடுவதாக இருக்கிறோம். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் பேசலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். போனிலிருந்து கணக்கை நீக்கினால் மட்டும் படங்கள் போய்விடாது. முதலில் கூகுள் போட்டோஸுக்குள் போய் அழிக்க வேண்டும். குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 60 நாள் அங்கேயே கிடக்கும். பிறகு அவளுடைய உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்துப் புதுக் கணக்கு தொடங்கி, பெற்றோர் கண்காணிப்புக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் மூலம் என் போனோடு இணைத்தான் அண்ணன் மகன். புதிதாக எந்த ஆப் போட்டாலும் என்னிடம் அனுமதி கேட்கும், இரவில் நான் வைத்த நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். அரை மணி நேர வேலை, காசே கிடையாது.

மாமியார் போனும் அதே கடையில் வாங்கியதுதான். நேற்று திறந்து பார்த்தோம். அதிலும் சென்ட்ரிங் இருக்கிறார்.