பீட்டர் கேட், கொல்கத்தா: முதலில் காக்டெயில், பிறகு செலோ கபாப்

கொல்கத்தாவில் ஒரே ஒரு ராத்திரிதான் தங்கல், கையைக் கடிக்காத விலையில் நல்ல சாப்பாடும் ஒரு காக்டெயிலும் வேண்டும் என்றால் பார்க் ஸ்ட்ரீட் பீட்டர் கேட் (Peter Cat) உணவகத்துக்குப் போங்கள். மிடில்டன் ரோ பிரியும் முனையில் இருக்கிறது. பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோவில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். தொடங்கியது 1975-ல். டேஸ்ட் அட்லஸ் என்ற உணவு இணையதளம் 2023-ல் வெளியிட்ட உலகின் 150 புகழ்பெற்ற உணவகங்கள் பட்டியலில் இதற்கு 17-வது இடம். நம்மவர்கள் கொண்டாடும் பெங்களூரு எம்.டி.ஆர். அதே பட்டியலில் 39. பட்டியல் இல்லாவிட்டாலும் வாசலில் கூட்டம் நின்றிருக்கும். அத்தனையும் செலோ கபாப் என்ற ஒரு தட்டுக்காக.

முன்பதிவை நம்பிப் போகாதீர்கள். வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழக்கம். ஆறரைக்குள் போய்விட்டால் பிழைத்தீர்கள், எட்டு மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும். துர்கா பூஜையிலும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் தெருவே திருவிழாக் கோலம்தான். பசியோடு வரும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அப்போது போக வேண்டாம். இரண்டு பேர், நாலு பேர் என்றால் சீக்கிரம் இடம் கிடைக்கும். உள்ளே மேஜைக்கு மேல் தாழத் தொங்கும் விளக்குகள், மங்கலான வெளிச்சம், தலைப்பாகை கட்டிய சர்வர்கள். நிதானமாக உட்கார்ந்து பேசத் தோதான இடம். லண்டன் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் வாழ்ந்து 1964-ல் இறந்த பீட்டர் என்ற பூனையின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள் என்பார்கள். அந்தப் பூனைக்கு விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு மலர் இரங்கல் குறிப்பே போட்டது என்பது கிரிக்கெட் பிரியர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தட்டுக்கு வருவோம். செலோ கபாப் ஈரானிலிருந்து வந்த சாப்பாடு. அங்கே சோறு, வெண்ணெய், கம்பியில் வாட்டிய இறைச்சி, சுட்ட தக்காளி, மேலே தூவிக்கொள்ளப் புளிப்பான சுமாக் பொடி; பழைய முறையில் பச்சை மஞ்சள் கருவும் உண்டு. இங்கே வருவது கொல்கத்தா வடிவம்: வெண்ணெய் சேர்த்த பாஸ்மதி சோறு, மட்டன் சீக் கபாப், சிக்கன் கபாப் துண்டுகள், வாட்டிய தக்காளி, குடைமிளகாய், நம் ஊர் ஆஃப் பாயில் போல ஒரு முட்டை, உச்சியில் ஒரு கட்டி வெண்ணெய். ஒரு தட்டு ஒருவருக்குத் தாராளம். ஸ்டார்ட்டர் வாங்கியிருந்தால் இரண்டு பேருக்கு ஒரு தட்டு போதும், பிறகு வேண்டுமானால் இன்னொன்று சொல்லலாம்.

இதை எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் பாதி ருசி இருக்கிறது. தட்டு வந்ததும் போனை எடுக்காதீர்கள். முதலில் வெண்ணெயைச் சோற்றுக்குள் தள்ளி, அடியில் இருக்கும் சூடான சோறோடு கலந்துவிடுங்கள். அடுத்து மஞ்சள் கருவைச் சோற்றின் மேல் உடையுங்கள். கபாபின் மேல் உடைத்தால் கம்பியில் வாட்டிய புகை மணம் அமுங்கிவிடும். தக்காளியை நசுக்கி, எலுமிச்சை கேட்டு வாங்கி மேலே பிழியுங்கள். சுமாக் செய்யும் வேலையை இங்கே அதுதான் செய்ய வேண்டும். சிக்கன் காத்திருக்கும், சீக் கபாப் காத்திருக்காது. வெண்ணெய் நம் உடல் சூட்டிலேயே உருகிவிடும். ஆட்டுக் கொழுப்புக்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஏசி அறையில் தட்டு பத்து நிமிடம் கிடந்தால் கொழுப்பு உறைந்து மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். அதனால் மட்டனை முதலில் முடியுங்கள்.

காக்டெயிலை எப்போது குடிப்பது என்பதற்கும் இதே காரணம்தான். ஐஸ் மிதக்கும் கிளாஸும் மட்டன் கபாபும் ஒரே நேரத்தில் வாய்க்குப் போனால் கொழுப்பு அங்கேயே உறையும். உட்கார்ந்ததும் காக்டெயிலையும் சின்னதாக ஒரு ஸ்டார்ட்டரையும் மட்டும் சொல்லுங்கள். கிளாஸ் முக்கால்வாசி காலியானதும் செலோ கபாப் ஆர்டர் கொடுங்கள். சாப்பாட்டோடு உப்புப் போட்ட ஃப்ரெஷ் லைம் சோடா போதும்.

எதைக் குடிக்கலாம்? புளிப்பானதை. பிளடி மேரி இந்தச் சாப்பாட்டுக்கு மிகப் பொருத்தம். அளவு 45 மில்லி வோட்காவுக்கு 90 மில்லி தக்காளிச் சாறு, 15 மில்லி எலுமிச்சை, வூஸ்டர் சாஸ், டபாஸ்கோ, உப்பு, மிளகு. பொதுவாகப் பார்களில் டப்பாச் சாறு ஊற்றும்போது இனிப்பு தூக்கலாக இருக்கும்; எலுமிச்சையும் உப்பும் கூடுதலாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜின் பிடிக்கும் என்றால் டாம் காலின்ஸ், சர்க்கரைப் பாகைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். பினா கோலாடாவைத் தவிருங்கள்: தேங்காய் கிரீம் குடித்த வயிற்றில் வெண்ணெய்ச் சோறு இறங்காது. லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ, ஐந்து சாராய வகையில் 15 மில்லி வீதம் 75 மில்லி, ஒரு லார்ஜைவிட (60 மில்லி) அதிகம். நம் நாட்டுப் பாட்டில்களில் ஆல்கஹால் வழக்கமாக 42.8 சதவீதம் என்பதையும் கணக்கில் வையுங்கள். மேற்கு வங்கத்தில் மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

பில்லைப் பிரித்துப் பாருங்கள். சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. மது அதற்குள் வராது. சர்வீஸ் சார்ஜ் எந்த உணவகத்தில் போட்டிருந்தாலும் அது நம் விருப்பம்தான், எடுக்கச் சொல்லலாம். விலை என்று பார்த்தால் நட்சத்திர ஓட்டல் பாரில் குடிப்பதற்கு மட்டும் ஆகும் காசில் இங்கே சாப்பாடும் முடிந்துவிடும்.

வரிசை ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் நிற்க வேண்டாம். இதே குடும்பத்தின் இன்னொரு உணவகமான மொகாம்போ, 1956-ல் தொடங்கியது, பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே செலோ கபாப் மனநிலையை விட்டுவிட்டு டெவில்டு கிராப் என்ற நண்டு ஐட்டம் சொல்லுங்கள். அதோடு காக்டெயிலைத் தாராளமாகச் சேர்த்தே குடிக்கலாம், அங்கே ஆட்டுக் கொழுப்புத் தொல்லை கிடையாது.