315, பவரி: சிபிஜிபி கூடத்தின் 33 ஆண்டுப் புழக்கம்

பங்க் என்ற வேகமான, கரடுமுரடான ராக் இசை வளர்ந்த நியூயார்க் பார் சிபிஜிபி. அந்தப் பெயரை எடுத்தாலே பேச்சு கழிப்பறைக்குப் போய்விடும். 2013இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பங்க் உடைகளுக்கென்று கண்காட்சி வைத்தபோது, அந்தக் கழிப்பறையை அச்சு அசலாகச் செய்து உள்ளே நிறுத்தியது. அந்த அளவுக்கு அதற்குப் பேர். அந்தக் கூடத்தை வேலைக்குப் பயன்படுத்தியவர்களின் கணக்கு வேறு. வாரம் நான்கு இரவு வாசித்தவர்களுக்கும், ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) தூக்கி வந்தவர்களுக்கும், கடைசி வரிசையில் நின்று கேட்டவர்களுக்கும் அங்கே முக்கியமாக இருந்தவை மூன்று: சொந்தப் பாட்டுக்கு இடம், வாசல் வசூல், ஒலி. இந்தப் பதிவு அவற்றைப் பற்றியது. கழிப்பறைக்கும் ஒரு பத்தி உண்டு.

மன்ஹாட்டனில் பிளீக்கர் தெரு கிழக்கே போய் பவரி சாலையில் முட்டி நிற்கும். முட்டிய இடத்தில் எதிரே தெரிவதுதான் 315. மாடியில் பேலஸ் ஹோட்டல் என்று பெயருக்கு ஒரு விடுதி, போக்கிடம் இல்லாதவர்கள் சில்லறை கொடுத்துப் படுக்கும் இடம். எழுபதுகளில் பவரி என்றாலே நடைபாதையில் குடித்துவிட்டுக் கிடப்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். வாடகை மலிவாக இருந்ததற்கும் அதுவே காரணம். ஹில்லி கிறிஸ்டல் 1969இலிருந்து அங்கே ஒரு பார் நடத்திவந்தார். 1973 டிசம்பர் 10 அன்று அதற்குப் புதுப் பெயர் வைத்துத் திறந்தார். சிபிஜிபி என்றால் கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ். கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வால்: 'அதர் மியூசிக் ஃபார் அப்லிஃப்டிங் கோர்மண்டைசர்ஸ்.' கோர்மண்டைசர் என்றால் தீனிப்பண்டாரம். ஹில்லியின் அர்த்தத்தில், இசையை அப்படி விழுங்குகிறவன். கன்ட்ரிக்கும் புளூகிராஸுக்கும் கூட்டம் வரவில்லை. கடைசியில் அந்த வாலில் இருந்த 'அதர் மியூசிக்', அதாவது மற்ற இசைதான் கடையைக் காப்பாற்றியது.

அதற்கு நான்கு மாதம் முன்னால், 1973 ஆகஸ்ட் 3 அன்று, பிராட்வே சென்ட்ரல் ஹோட்டல் இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில்தான் மெர்சர் ஆர்ட்ஸ் சென்டர் இருந்தது. இசைத்தட்டு ஒப்பந்தம் இல்லாத குழுக்கள் சொந்தப் பாட்டை வாசிக்க நகரில் இருந்த மிகச் சில மேடைகளில் ஒன்று அது. அது போனதும் மிஞ்சியவை கவர் பாட்டு, அதாவது பிறர் பாட்டை வாசிக்கச் சொல்லும் பார்கள்தான். டாம் வெர்லைனும் ரிச்சர்ட் லாயிடும் இருந்த டெலிவிஷன் குழு ஹில்லியிடம் வாய்ப்புக் கேட்டு வந்தது இந்தச் சூழலில்தான். 1974 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை, முதல் கச்சேரி. நுழைவு 1 டாலர். ஹில்லிக்கு அவர்களின் வாசிப்பு பிடிக்கவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ராமோன்ஸ் என்ற பங்க் குழு வந்தபோதும் அதே கதைதான். ஆனாலும் மறுபடி கூப்பிட்டார். பிடிக்காததையும் மறுபடி மேடையேற்றும் முதலாளி கிடைப்பது அரிது.

குழுக்களுக்கு அவர் போட்ட நிபந்தனைகள் இரண்டு. உங்கள் சாமானை நீங்களே தூக்க வேண்டும். பெரும்பாலும் சொந்தப் பாட்டுதான் வாசிக்க வேண்டும். இரண்டாவதைப் பெரிய கலைக்கொள்கை போல எழுதுகிறவர்கள் உண்டு. பாதி உண்மை பணம் சார்ந்தது: ஊரறிந்த பாட்டுகளை வாசித்தால் ஆஸ்கேப் போன்ற பாடலாசிரியர் அமைப்புகள் உரிமைத்தொகை கேட்டு வந்து நிற்கும். அந்தச் செலவை ஒதுக்கப் பிறந்த விதி, ஆறு மாதத்தில் குழுக்களின் பழக்கத்தையே மாற்றியது. மணிக்கணக்கில் கவர் பாட்டு வாசித்துப் பிழைக்கும் வழி அடைபட்டது. கையில் எட்டுப் பாட்டு இருந்தால் எட்டுப் பாட்டு வாசித்துவிட்டு இறங்கலாம். ராமோன்ஸின் ஆரம்ப கால செட் (ஒரு தடவை மேடையேறி வாசிப்பது) இருபது நிமிடத்தைத் தாண்டாது, யாரும் காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. விதியும் இரும்பு விதி அல்ல. டாக்கிங் ஹெட்ஸ் குழு பழைய ரேடியோ ஹிட்டுகளை நடுவில் சொருகியது. பாடகி பேட்டி ஸ்மித் 'குளோரியா' என்ற பழைய பாட்டை எடுத்துத் தன் வரிகளை முன்னால் ஒட்டிப் பாடினார்.

பண ஏற்பாடு எளிது. வாசல் வசூல் குழுக்களுக்கு, பார் வருமானம் ஹில்லிக்கு. நன்மையும் தீமையும் ஒன்றாகவே வந்தன. முன்பணம் இல்லை, வாடகை இல்லை, ஆகவே யாரும் தொடங்கலாம். ஒரு டாலர் நுழைவுக்கு முப்பது பேர் வந்தால் இரண்டு குழுவுக்கும் சேர்த்து முப்பது டாலர். எட்டுப் பேர் பிரித்தால் ஆளுக்கு நான்கு டாலர்கூடத் தேறாது, வேனுக்கு எரிபொருள் போடவே போதாது. அதனால் ஊர் தாண்டி வந்தவர்களைவிட, நடந்து வரும் தூரத்தில் குடியிருந்தவர்கள்தான் தாக்குப்பிடித்தார்கள். ராமோன்ஸின் இலச்சினையை வரைந்த ஆர்ட்டுரோ வேகாவின் மாடி வீடு அடுத்த திருப்பத்தில், கிழக்கு 2ஆம் தெருவில். ராமோன்ஸின் பாடகர் ஜோயியும் பேஸ் வாசித்த டீ டீயும் அங்கேயே தங்கினார்கள். டாக்கிங் ஹெட்ஸின் மூவரும் கொஞ்சம் தெற்கே கிறிஸ்டி தெருவில் ஒரே மாடி வீட்டில் இருந்தார்கள். இப்படி நான்கைந்து தெருவுக்குள் குடியிருந்தவர்கள்தான் வாசித்தவர்கள். மற்ற இரவுகளில் பார்வையாளர்களும் அவர்களே.

இந்தக் கூடம் தந்த பெரிய வசதி, திரும்பத் திரும்ப வாசிக்கக் கிடைத்ததுதான். 1975 தொடக்கத்தில் பேட்டி ஸ்மித்தும் டெலிவிஷனும் வாரக்கணக்கில், வியாழன் முதல் ஞாயிறு வரை, இரவுக்கு இரண்டு செட் வாசித்தார்கள். வாரத்துக்கு எட்டு செட். ஒத்திகை அறையில் எட்டு முறை வாசிப்பது வேறு, காசு கொடுத்தவன் முன்னால் எட்டு முறை வாசிப்பது வேறு. எந்தப் பாட்டில் ஆட்கள் பார் பக்கம் திரும்புகிறார்கள் என்று முதல் செட்டிலேயே தெரிந்துவிடும். இரண்டாவதில் வரிசையை மாற்றலாம். பேட்டி ஸ்மித் குழுவுக்கு டிரம்மரே அந்த ஆண்டுதான் வந்தார். ஆண்டு முடிவதற்குள் அரிஸ்டா நிறுவனத்தில் 'ஹார்சஸ்' இசைத்தட்டு வெளிவந்தது. ராமோன்ஸ் முதன்முதலில் ஏறியது 1974 ஆகஸ்ட் 16. பாட்டுக்கு நடுவே மேடையிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த நால்வர் 1976 பிப்ரவரியில் ஸ்டுடியோவுக்குப் போனபோது, பாட்டுகள் கையில் பழகிக் கிடந்தன. மொத்தச் செலவு 6,400 டாலர். பதினான்கு பாட்டு, அரை மணிக்கும் குறைவு. அந்தச் சிக்கனம் பவரியில் கிடைத்த பயிற்சி.

1975 ஜூலை 16இலிருந்து நடந்த, ஒப்பந்தமில்லாத குழுக்களின் விழா இன்னொரு கணக்கு. பெரிய இசை விழாக்களோடு மோதும் நாட்களை ஹில்லி தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. நகருக்கு வந்திருக்கும் பத்திரிகையாளர்கள் இங்கேயும் எட்டிப்பார்ப்பார்கள் அல்லவா? பார்த்தார்கள். எழுதினார்கள். வாசலில் காசு வாங்கிய ராபர்ட்டா பேய்லி கேமராவோடு வந்தவர். ராமோன்ஸின் முதல் தட்டின் உறைப்படம் அவர் எடுத்ததுதான்.

இனி கூடம். அகலம் குறைந்து நீளம் மிகுந்த அறை, ரயில் பெட்டி மாதிரி. நுழைந்ததும் வலப்பக்கம் நீண்ட பார், தலைக்கு மேலே பியர் விளம்பர நியான் விளக்குகள், கடைக்கோடியில் மேடை. சுமார் 350 பேர் கொள்ளும் என்பார்கள். அதில் பாதிப் பேருக்கு முன்னால் நிற்பவனின் முதுகுதான் தெரியும். மேடை தாழ்வு. முதல் வரிசையில் நிற்பவன் கிட்டார் வாசிப்பவனின் காலணியைத் தொட்டுவிடலாம். நடுவில் மாட்டிக்கொண்டால் கேட்பதோடு சரி. தெரிந்தவர்கள் முதல் குழு வாசிக்கும்போதே முன்னால் நகர்ந்துவிடுவார்கள். இரண்டு செட்டுக்கு நடுவே நகரலாம் என்று நினைத்தவன் பாருக்கும் சுவருக்கும் இடையில் சிக்கினான்.

இப்படிப்பட்ட அறையில் ஒலி கெடுவதற்கு வழக்கமான காரணங்கள் உண்டு. சின்ன மேடையில் டிரம்ஸும் ஆம்பும் பாடகரின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கும். ஆம்பின் சத்தம் பாட்டு மைக்குக்குள் புகும். பாட்டை மேலே கொண்டுவர மைக்கைக் கூட்டினால் ஆம்பும் சேர்ந்து கூடும், இன்னும் கூட்டினால் மைக் கத்தும். கிட்டார் வாசிப்பவன் தன் சத்தம் கேட்கவில்லை என்று ஆம்பைக் கூட்டுவான், பாடுபவன் தொண்டையைக் கிழிப்பான். இதற்கு மருந்து இரண்டு. பாடகரின் காலடியில், அவர் குரலை அவருக்கே கேட்கவைக்கும் நல்ல மானிட்டர் ஸ்பீக்கர், முன்னால் தெளிவான பெரிய ஸ்பீக்கர் அமைப்பு. சின்ன பார்கள் இரண்டிலும் காசு போடாது. ஹில்லி போட்டார். ஆரம்பத்தில் சுமாராக இருந்த அமைப்பை எழுபதுகளின் பிற்பாதியில் மாற்றிய பிறகு, அந்த அளவுக் கூடங்களில் அதற்கு நிகர் குறைவு என்ற பெயர் வந்தது. உள் அலங்காரத்துக்கு ஒரு ஆணிகூட அடிக்காதவர் ஸ்பீக்கருக்குச் செலவு செய்தார். எனக்குத் தெரிந்து அந்த முதலாளியின் மிகச் சரியான முடிவு அதுதான்.

பலன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. டெலிவிஷனின் இரண்டு கிட்டாரும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் போகும், ஒரு இழை மங்கினாலும் பாட்டே போச்சு. அவர்களுக்கும், இடைவெளி விட்டு வாசித்த டாக்கிங் ஹெட்ஸுக்கும் தெளிவு அவசியம். ராமோன்ஸுக்கு அப்படியில்லை. கிட்டாரும் பேஸும் ஒரே சுவராக வரும், ஜோயியின் குரல் மட்டும் அதற்கு மேல் நின்றால் போதும். இன்னொரு சிக்கல், சவுண்ட் செக்கை நம்பியவர்கள் மாட்டிக்கொண்டது. மாலையில் காலியான கூடத்தில் சுவர் எதிரொலிக்கும், உச்ச ஒலி கூசும். அதைக் குறைத்து வைத்துவிட்டு இரவு முந்நூறு பேர் வந்தால் அத்தனை உடம்பும் உச்ச ஒலியைக் குடித்துவிடும், எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். முதல் பாட்டு முடிவதற்குள் ஒலியைக் கலக்கும் மிக்ஸரில் திருத்தத் தெரிந்தவன் இருக்க வேண்டும்.

1976இல் வந்த 'லைவ் அட் சிபிஜிபிஸ்' இரட்டை இசைத்தட்டை வைத்து அந்தக் கூடத்தை எடைபோடாதீர்கள். மிங்க் டெவில், டஃப் டார்ட்ஸ், ஷர்ட்ஸ் எல்லாம் இருக்கிறார்கள். ராமோன்ஸ், டெலிவிஷன், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ், பேட்டி ஸ்மித் ஒருவரும் இல்லை. கல்யாண ஆல்பத்தில் பொண்ணு மாப்பிள்ளையைத் தவிர எல்லோரும் இருப்பது போல.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாக. உடை மாற்ற அறை என்று ஒன்று உண்டு, மறைவு என்று எதுவும் இல்லை. சமையலறையில் சில்லியும் ஹாம்பர்கரும் கிடைத்தன, பழகியவர்கள் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஹில்லியின் நாய் ஜோனத்தன், சலூக்கி இனம், நினைத்த இடத்தில் நினைத்ததைச் செய்யும், ஆகவே தரையைப் பார்த்து நடக்க வேண்டும். கழிப்பறை கீழே. கதவு இருக்காது, சுவர் முழுக்க ஸ்டிக்கரும் கிறுக்கலும். வேறெங்காவது போய்விட்டு வருவது உத்தமம்.

எண்பதுகளில் பயன்பாடு மாறியது. நியூயார்க்கில் குடிக்கும் வயது 18ஆக இருந்தது. 1982 டிசம்பரில் 19, 1985 டிசம்பரில் 21 ஆனது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இரவுக் கதவு அடைந்தது. ஞாயிறு பகல் ஹார்ட்கோர் (இன்னும் வேகமான பங்க்) காட்சிகள் அந்த இடத்தை நிரப்பின: எல்லா வயதினரும் வரலாம். அக்னாஸ்டிக் ஃபிரண்ட், குரோ-மேக்ஸ் போன்ற குழுக்களின் வீடு அதுதான். தாழ்ந்த மேடை இங்கே வேறு வேலை செய்தது: எளிதாக ஏறலாம், ஏறியவன் கூட்டத்தின் மேல் பாயலாம். மைக் ஸ்டாண்டு சாய்ந்து பாடுபவனின் பல்லில் இடிக்கும், மானிட்டர் உதைபடும், அதன் கம்பி பிடுங்கும். கூட்டத்துக்குள் அடிதடி முற்றியதால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹில்லி இந்தப் பகல் காட்சிகளை நிறுத்தினார்.

முடிவுக்கு வந்ததும் வாடகையால்தான். கட்டடத்தை எடுத்து மாடியில் வீடற்றவர்களுக்குத் தங்குமிடம் நடத்திய பவரி ரெசிடென்ட்ஸ் கமிட்டியோடு வாடகைப் பாக்கி வழக்கு. மாதம் 19,000 டாலராக இருந்த வாடகையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் பேச்சு. 2005இல் பாக்கி வழக்கில் ஹில்லி ஜெயித்தார், ஆனால் குத்தகைக் காலம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. கடைசிக் கச்சேரி 2006 அக்டோபர் 15, பேட்டி ஸ்மித். கூடத்தைக் கழற்றி லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோக வேண்டும், சிறுநீர்த் தொட்டி உட்பட, என்று ஹில்லி திட்டம் போட்டார். 2007 ஆகஸ்டில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

தேடிப் போகிறவர்களுக்கு: 2008இல் அந்த இடத்தில் ஜான் வார்வாட்டோஸ் ஆடைக்கடை வந்தது, பழைய சுவரொட்டிகள் ஒட்டிய ஒரு பகுதியைக் கண்ணாடிக்குப் பின்னால் விட்டுவைத்தார்கள். வாசலில் தொங்கிய வெள்ளை மேற்கூரைத் துணி கிளீவ்லாந்தின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனது. பின்புறச் சந்து எக்ஸ்ட்ரா பிளேஸ், 'ராக்கெட் டு ரஷ்யா' இசைத்தட்டின் உறையில் ராமோன்ஸ் சுவரோரம் நிற்பது அங்கேதான். பவரியும் கிழக்கு 2ஆம் தெருவும் சேரும் முனைக்கு 2003இல் ஜோயி ராமோன் பெயர் வைத்தார்கள். பெயர்ப்பலகை திரும்பத் திரும்பத் திருடு போனதால் தூக்கி இருபது அடி உயரத்தில் மாட்டிவிட்டார்கள். படம் எடுக்க ஜூம் வேண்டும்.