ஹார்ன் பெட்டிக்கு ஸ்பீக்கர் வாங்குபவர்கள் காந்தத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

தக்கலையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு ஜோடி ஹார்ன் பெட்டி நிற்கிறது. 18 எம்எம் மரைன் பிளைவுட். உள்ளே காற்றுப் பாதை மடிந்து மடிந்து போகிற மாதிரி ஆசாரியும் நானும் மூன்று வாரம் உட்கார்ந்து செய்தது. இப்போது அதில் பாட்டுக் கேட்க முடியவில்லை. காரணம், நாகர்கோவிலில் ஒரு கடையில் வாங்கிய டிரைவர்கள், அதாவது பெட்டிக்குள் மாட்டுகிற ஸ்பீக்கர்கள்.

என்னிடம் இருப்பது 8 வாட் ஆம்ப். அதனால் ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் பக்கம் சத்தம் வருகிற டிரைவர் தேடினேன். 85 டெசிபல் ஸ்பீக்கரில் அதே சத்தம் வர பத்து மடங்கு வாட் வேண்டும். இந்த வகைப் பெட்டிக்குக் காந்தம் பலமாகவும் கோன் (முன்னால் அதிர்கிற கூம்பு) லேசாகவும் இருக்க வேண்டும். கோன் அசைவு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டுகிற க்யூடிஎஸ் என்கிற அளவு 0.3 பக்கம் இருந்தால் நல்லது; குறையக் குறையக் கட்டுப்பாடு கூடுதல். கடைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். "மக்கா, இது ஒரிஜினல் சாதனம். கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போ" என்றார். 8 இன்ச், ஜோடி 7,200 ரூபாய். ஸ்டிக்கரில் 96 டெசிபல், 8 ஓம், 300 வாட் என்று போட்டிருந்தது. லேசான பேப்பர் கோனுக்கு 300 வாட் என்று எழுதியிருந்ததைப் பார்த்த உடனேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

பெட்டியில் மாட்டிக் கேட்டால் ஒரு பக்கம் சத்தம் கூடுதல், இரண்டு பக்கமும் குடத்துக்குள் பேசுகிற மாதிரி. கழற்றி மல்டிமீட்டர் வைத்து ஓம் பார்த்தேன். ஒன்று 6.3 ஓம், மற்றது 3.5. அதாவது இரண்டாவதில் இருப்பது 4 ஓம் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கிற கம்பிச் சுருள்). அப்புறம் பின்னால் இருந்த ரப்பர் உறையைக் கத்தியால் கீறி உரித்தேன். உள்ளே பெரிய காந்தம் இல்லை. சின்னக் காந்தத்தைச் சுற்றி வெள்ளையாக எதையோ குழைத்து அப்பி எடை ஏற்றியிருந்தார்கள். கோன் ஓரத்தில் பழைய பசைக்கு மேல் புதுப் பசை. மூக்கருகே கொண்டுபோனால் கருகின வார்னிஷ் வாடை. ஏதோ மைக் செட்டில் எரிந்துபோனதைக் கோன் மாற்றி விற்றிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

திருப்பிக் கொண்டுபோனேன். "அண்ணாச்சி, உள்ள என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க" என்று மேசைமேல் வைத்தேன். "உறையைக் கிழிச்ச சாதனத்த நாங்க எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார். கையில் இருந்ததோ "ஸ்பீக்கர் 2" என்று மட்டும் எழுதின துண்டுச் சீட்டு. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். சீட்டில் மாடல் பெயர் இல்லாததுதான் இப்போது இடிக்கிறது.

தயவுசெய்து மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். 8 ஓம் டிரைவர் என்றால் 5.5 முதல் 7 வரை காட்ட வேண்டும், ஜோடி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். உறை போட்டிருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வந்துவிடுங்கள். இரண்டு கை விரல்களாலும் கோனை ஒரே சீராக மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசல் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் கோணியிருக்கிறது. பட்ஜெட் குறைவா? முழு அளவுகளையும் கம்பெனியே வெளியிட்டிருக்கிற 4 இன்ச் டிரைவர் எடுங்கள், அதற்கேற்ற சின்னப் பெட்டி செய்யுங்கள். கார் கதவு ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் க்யூடிஎஸ் கூடுதல், அந்தப் பக்கம் போக வேண்டாம். டிரைவர் கைக்கு வந்து அளந்து பார்க்கும்வரை பிளைவுட்டில் ரம்பம் வைக்காதீர்கள்.

எங்கள் பெட்டியின் தொண்டை, அதாவது காற்றுப் பாதை தொடங்குகிற குறுகின வாய், அந்த ஸ்டிக்கரை நம்பி வெட்டினது. முன்பலகையையும் முதல் மடிப்பையும் மட்டும் மாற்றினால் தேறுமா என்று பார்க்கத் திங்கட்கிழமை ஆசாரி வருகிறார்.