டைமெத்திகோன் கைக்களிம்பு: கேத்திப் பனியில் ஒரு மாதம்

மார்கழி பிறந்துவிட்டால் நீலகிரியில் உள்ள எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கின் புல்வெளி விடியற்காலையில் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். தேங்காய் எண்ணெய் புட்டிக்குள்ளேயே கட்டியாக இறுகிவிடும். குளிர்ந்த நீரில் கேரட் கழுவும் எங்கள் கைகளோ விரல் முட்டிகளில் வெடித்து, உப்புப் பட்டாலே எரியும். சென்ற மார்கழியில் குன்னூர் மருந்துக் கடை ஒன்றில் 50 கிராம் கைக்களிம்பு ஒன்றை 190 ரூபாய்க்கு வாங்கி, ஒரு மாதம் நாள்தோறும் பூசிப் பார்த்தேன்.

அதன் சேர்மானப் பட்டியலில் நீருக்கும் கிளிசரினுக்கும் அடுத்து நிற்பது டைமெத்திகோன். "அது பிளாஸ்டிக் இனமாயிற்றே, தோலுக்குள் போய்விடாதா?" என்று அண்ணி கேட்டார். கல்லாறு சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் என்பதால் தண்ணீர்ப் புட்டியைக்கூட வாங்கி வைத்துக்கொள்ளும் மாவட்டத்தில் வாழ்பவருக்கு அந்த ஐயம் எழுவது இயல்பே.

டைமெத்திகோன் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலியாலான செயற்கைப் பாலிமர். மூலக்கூறுகள் பெரியவை என்பதால் அது தோலைக் கடந்து உள்ளே இறங்குவதில்லை. மேலே மெல்லிய படலமாகப் படிந்து ஈரம் வெளியேறுவதைக் குறைக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1 முதல் 30 விழுக்காடு வரையிலான டைமெத்திகோனைத் தோல் காப்புப் பொருளாக ஏற்றிருக்கிறது, ஒவ்வாமையும் அரிதே. ஆகவே அஞ்ச வேண்டாம் என்று அண்ணியிடம் சொன்னேன். ஆனால் உள்ளே இறங்காத பொருளை முன்னே வைத்துக்கொண்டு, அட்டையில் "ஆழ ஊடுருவி ஊட்டமளிக்கும்" என்று அச்சிட்டிருப்பது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

இந்தப் படலம் இருக்கும் ஈரத்தைக் காக்குமே தவிரப் புதிதாக ஈரம் தராது. இதை அறியாமல் முதல் வாரம் காய்ந்த கையில் பூசியதால் பெரிய பயன் தெரியவில்லை. கை கழுவித் துடைத்த உடனே, ஈரம் முழுதும் உலர்வதற்கு முன் பூசத் தொடங்கிய பிறகு இரண்டே வாரத்தில் சிறு வெடிப்புகள் மூடிக்கொண்டன. பிசுபிசுப்பு இல்லாததால் பூசிய கையோடு கத்தியும் மண்வெட்டியும் வழுக்காமல் பிடிக்க முடிந்தது. கட்டைவிரலின் ஆழமான வெடிப்புக்கு மட்டும் இது போதவில்லை. ஈரத்தை இன்னும் இறுக்கமாகத் தடுக்கும் பெட்ரோலியம் ஜெல்லியை இரவில் தடவித் துணி சுற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. முகத்துக்கு ஆகாது; மேலே சன்ஸ்கிரீன் பூசினால் அழிரப்பர்த் துகள்போல உருண்டு வந்துவிடுகிறது. குளிராக இருந்தாலும் இந்த உயரத்து வெயிலில் சன்ஸ்கிரீனை விட்டுவிட முடியாது.

உண்மையான குறை பட்டியலின் நடுவில் இருக்கிறது: சைக்லோபென்டாசிலோக்சேன். டைமெத்திகோனின் உறவுக்காரப் பொருளான இது எளிதில் ஆவியாகும். சுற்றுச்சூழலில் சிதையாமல் நீடித்து உயிரினங்களில் சேரக்கூடியது என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 31 முதல் கழுவிவிடும் அழகுப் பொருள்களில் இதை 0.1 விழுக்காட்டுக்குக் கீழே கட்டுப்படுத்தியது. பூசிக் கழுவாமல் விடும் களிம்புகளுக்கும் 2027 முதல் அதே வரம்பு வருகிறது. டைமெத்திகோனுக்கு இந்தத் தடை இல்லை, எனினும் அதுவும் மண்ணில் எளிதில் மட்கும் பொருளன்று.

கைகளுக்கு மட்டும் என்றால் வாங்கலாம். அடுத்த பனிக்கு நான் சைக்லோபென்டாசிலோக்சேன் சேராத, டைமெத்திகோன் மட்டும் உள்ள களிம்பாகத் தேடி வாங்குவேன். மூடியும் இதைவிட உறுதியாக இருக்க வேண்டும், இது பத்தாம் நாளே விரிசல் விட்டுவிட்டது.