சுட்ட கூடு வெளியே வர மறுத்தால்: எம்16, ஏகே47, ஜி3 ஓர் ஒப்பீடு

தானியங்கித் துப்பாக்கி சிக்கிக்கொண்டது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூடு சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை, விட்டு வராமல் அடம்பிடித்திருக்கும். அல்லது அடுத்த தோட்டா சேம்பருக்குள் முழுதாகப் போய் உட்காராமல் பாதியில் நின்றிருக்கும். இரண்டாவதைத் தள்ளியோ இழுத்தோ சமாளித்துவிடலாம். முதலாவது வந்தால் அந்த நேரத்துக்கு கையில் துப்பாக்கி இல்லாத மாதிரிதான். அதனால்தான் ஒரு துப்பாக்கியின் வடிவமைப்பை எடைபோட நான் முதலில் பார்ப்பது கூட்டை அது எப்படி வெளியே எடுக்கிறது என்பதை.

சுடும் கணத்தில் சேம்பருக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு அளவுக்கு ஏறுகிறது. பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரோடு அப்பிக்கொள்கிறது. இது தேவையும்கூட. அப்படி அப்பினால்தான் வாயு பின்பக்கம் கசியாது. குண்டு குழலை விட்டுப் போய் அழுத்தம் விழுந்ததும் பித்தளை ஒரு மயிரிழை சுருங்கி, சுவரிலிருந்து விடுபடுகிறது. எல்லாம் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். கொக்கி, அதாவது எக்ஸ்ட்ராக்டர், அந்தச் சுருக்கத்துக்குப் பிறகு இழுத்தால் கூடு சுலபமாக வரும். அதற்கு முன்பே இழுத்தால் விளிம்பு கிழியும், அல்லது கொக்கி வழுக்கும். ஆக, விஷயம் கொக்கியின் பலத்தில் இல்லை. எப்போது இழுக்கிறோம், சுவர் எப்படி இருக்கிறது, கூட்டின் வடிவம் என்ன என்பதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் எம்16, சோவியத் ஒன்றியத்தின் ஏகே47, மேற்கு ஜெர்மனியின் ஜி3 மூன்றும் இந்தக் கேள்விக்கு மூன்று விதமாக விடை சொல்கின்றன.

எம்16இன் கதை கசப்பானது. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15தான் ராணுவத்தில் எம்16 ஆனது. அதில் பிஸ்டன் தனியாகக் கிடையாது. குழலின் முன்பகுதியில் உள்ள துளை வழியாக வாயு ஒரு மெல்லிய குழாயில் பின்னோக்கி வந்து, சேம்பரைப் பின்பக்கம் அடைக்கும் போல்ட்டைச் சுமக்கும் கேரியருக்குள்ளேயே பாய்ந்து அதைத் தள்ளுகிறது. எடை குறைவு, ஆட்டம் குறைவு, குறி நன்றாக நிற்கும். ஆனால் வியட்நாமில் 1965 முதல் 1967 வரை அமெரிக்கப் படையினர் கையில் இது திரும்பத் திரும்பச் சிக்கியது. கூடு சேம்பரில் ஒட்டிக்கொள்ள, துடைக்கும் கம்பியைக் குழலின் வாய்வழியே விட்டு இடித்துத்தான் வெளியேற்ற வேண்டியிருந்தது. அந்தக் கம்பிகூட எல்லோரிடமும் இல்லை. தானே சுத்தம் செய்துகொள்ளும் துப்பாக்கி என்ற பேச்சு பரவியிருந்ததால் துடைக்கும் கருவிகள் போதுமான அளவில் போய்ச் சேரவில்லை.

வாயு நேராக உள்ளே வருவதால் கரி சேர்ந்துதான் எல்லாம் கெட்டது என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. என் கணிப்பில் பெரிய குற்றவாளிகள் வேறு இரண்டு. ஒன்று சேம்பர் சுவர். அதற்குக் குரோமியப் பூச்சு இல்லை. ஈரக் காற்றில் எஃகு துருப்பிடித்துப் பொடிப்பொடியாகக் குழி விழுந்தது. சுடும்போது அந்த அழுத்தத்தில் பித்தளை அக்குழிகளுக்குள் பிதுங்கிப் போய் உட்கார்ந்துகொண்டது. அழுத்தம் விழுந்தாலும் அது முழுதாக விடுபடவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்கள் தங்கள் டைப் 99 துப்பாக்கிக் குழல்களுக்கே குரோமியம் பூசியிருந்தார்கள். அது தெரிந்தும் காட்டுப் போருக்குப் போகும் துப்பாக்கிக்குப் பூசாமல் விட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது குற்றவாளி மருந்து. ஸ்டோனர் தன் துப்பாக்கியைக் குச்சி வடிவ வெடிமருந்தை வைத்துச் சீர்படுத்தியிருந்தார். 1964இல் அதற்குப் பதிலாக உருண்டை வடிவ மருந்துக்கு ராணுவம் ஒப்புதல் தந்தது. குண்டின் வேகம் ஏறக்குறைய அதேதான். ஆனால் வாயுத் துளையைத் தாண்டும்போது இருந்த அழுத்தம் முன்பைவிட அதிகம். அதனால் கேரியர் வேகமாகப் பின்னோக்கி ஓடியது, போல்ட் சீக்கிரமே திறந்தது, கூடு இன்னும் சுவரைப் பிடித்திருந்த நேரத்தில் கொக்கி இழுத்தது. குழி விழுந்த சேம்பரில் இப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழு இதைத் தோண்டித் துருவியது. சேம்பருக்குக் குரோமியம் வந்தது, வேகத்தைத் தணிக்கும் புதிய பஃபர் வந்தது, துடைக்கும் கருவிகள் வந்தன. 1968இல் சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னரின் சித்திரங்களோடு ஒரு பராமரிப்புக் கையேடும் வந்தது. அதன் பிறகு அதே வடிவமைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது.

சரி, ஏகே47 இந்தச் சிக்கலில் ஏன் அவ்வளவாக மாட்டவில்லை? நீளமான பிஸ்டனோடு சேர்ந்த கனமான கேரியர், ஆங்காங்கே விட்ட தாராளமான இடைவெளி என்று வழக்கமான பதில்கள் உண்டு. அவை சரிதான். சேம்பருக்கும் குழலுக்கும் சோவியத் தொழிற்சாலைகள் குரோமியம் பூசியதும் ஒரு காரணம். ஆனால் அதிகம் பேசப்படாத விஷயம் தோட்டாவின் வடிவம். 7.62×39 தோட்டாவின் கூடு அடியில் 11.35 மில்லிமீட்டர் விட்டம், தோள்பட்டைக்கு, அதாவது கூடு கழுத்தை நோக்கிக் குறுகத் தொடங்கும் இடத்துக்கு, வரும்போது 10.07. எம்16இன் 5.56×45 கூடோ அடியில் 9.58, தோள்பட்டையில் 9.00. அதாவது ஏகே தோட்டா கூம்பாகச் சரிகிறது, எம்16 தோட்டா ஏறக்குறைய நேர்க்குழல். முள்ளங்கியைப் பிடுங்குவதும் மண்ணில் அடித்த நேரான முளையைப் பிடுங்குவதும் போல இது. முள்ளங்கி சற்று அசைந்தாலே நாலாபக்கமும் இடைவெளி விட்டுவிடும். முளை கடைசி வரை உரசிக்கொண்டேதான் வரும்.

இந்தச் சரிவுக்கு இன்னொரு பயனும் இருந்தது. எஃகுக் கூடு பித்தளை அளவுக்கு நன்றாகச் சுருங்கி மீளாது. செம்பை மிச்சப்படுத்த எஃகுக் கூட்டுக்குப் போன சோவியத் ஒன்றியத்துக்குக் கூம்பு வடிவம்தான் கைகொடுத்தது. விலை என்ன? வளைந்த மேகசின், கனமான தோட்டா, அப்புறம் அந்தக் கனத்த கேரியர் முன்னும் பின்னும் அடிக்கும்போது குலுங்கும் குறி.

ஜி3இன் விடைதான் மூன்றிலும் துணிச்சலானது. வாயுத் துளை இல்லை, பிஸ்டன் இல்லை, போல்ட்டைத் திருகிப் பூட்டும் ஏற்பாடும் இல்லை. இரண்டாம் உலகப்போரின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மௌசர் தொழிற்சாலையில் தொடங்கிய யோசனை அது. போருக்குப் பின் பொறியாளர் லுட்விக் ஃபோர்கிரிம்லர் அதை ஸ்பெயினின் செட்மே நிறுவனத்தில் வளர்த்தெடுத்தார். 1959இல் மேற்கு ஜெர்மன் ராணுவம் ஜி3 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. போல்ட்டின் தலையில் இரண்டு உருளைகள் இருக்கும். கூடு பின்னோக்கித் தள்ளும்போது அந்த உருளைகள் உள்நோக்கி நெருக்கப்பட்டு, பின்னால் உள்ள கனமான பகுதியைப் பல மடங்கு வேகத்தில் ஓட வைக்கின்றன. போல்ட் தலை மட்டும் மெதுவாக நகர்கிறது. ஆக, அழுத்தம் இன்னும் உச்சத்தின் பக்கத்தில் இருக்கும்போதே கூடு நகரத் தொடங்கிவிடுகிறது. மேலே சொன்ன கணக்குப்படி இது நடக்கவே கூடாது. கூடு சுவரில் ஒட்டியிருக்க, அடிப்பகுதி மட்டும் பிய்ந்து வந்துவிட வேண்டும்.

அதற்கு அவர்கள் கண்ட வழி சேம்பர் சுவரில் நீளவாக்கில் வெட்டிய வரிப்பள்ளங்கள். வாயு அந்தப் பள்ளங்கள் வழியே கூட்டின் வெளிப்பக்கத்துக்கும் போகிறது. உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் என்றால் கூடு சுவரோடு அப்புவதற்குக் காரணமே இல்லை. அது மிதக்கிறது. ஜி3 சுட்ட கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் கரிய கோடுகள் வரிவரியாகப் படிந்திருக்கும், வெளியே வந்து மோதிய இடத்தில் நசுங்கியும் இருக்கும். இங்கே கொக்கிக்கு இழுக்கும் வேலை மிகக் குறைவு. கூட்டை வெளியே தள்ளுவதே வாயுதான். கூட்டைத் திரும்ப நிரப்பிப் பயன்படுத்துபவர்களுக்கு இது பிடிக்காது. பள்ளங்களில் கரி நிறைந்துபோனால் மிதக்கும் வித்தையும் போய்விடும். பிரான்சின் ஃபமாஸ் துப்பாக்கியும் இதே வரிப்பள்ளத்தை நம்பித்தான் எஃகுக் கூடுகளைச் சுட்டது.

இவற்றுக்கு முன் நான்காவதாக ஒரு வழியையும் முயன்று பார்த்தார்கள். தோட்டாவுக்கே வழுக்கும் பூச்சு. அமெரிக்காவில் துப்பாக்கி வடிவமைப்பாளர் பெடர்சன் தன் தோட்டாக்களுக்கு மெழுகு பூசினார். இத்தாலியின் பிரெடா 30 இயந்திரத் துப்பாக்கி தோட்டாக்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சுட்டது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அந்த எண்ணெயில் மணல் ஒட்டிக்கொண்டது.

கூடு வெளியேறும் விஷயத்தில் மட்டும் மூன்றையும் வரிசைப்படுத்தச் சொன்னால் ஏகேவைத்தான் முதலில் வைப்பேன். மற்ற இரண்டும் மருந்தோ சுத்தமோ பிசகினால் தடுமாறுகின்றன. ஏகே பிசகுகளை விழுங்கிவிடுகிறது. எம்16இன் குட்டையான உடன்பிறப்பான எம்4இல் பழைய பிரச்சினை வேறு முகத்தோடு வந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 20 அங்குலக் குழல் 14.5 ஆனது, வாயுத் துளை சேம்பரை நெருங்கியது, அங்கே அழுத்தம் அதிகம், போல்ட் மீண்டும் அவசரப்பட்டது. கடைசியில் கொக்கியின் ஸ்பிரிங்கை வலுவாக்க வேண்டியதாயிற்று.

தோட்டாவை உள்ளே ஏற்றும் பக்கத்தில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. கூம்புத் தோட்டா கடைசி நொடி வரை சுவரில் படாமல் போவதால் இங்கேயும் ஏகேவுக்குச் சாதகம். போல்ட் முழுதாக மூடவில்லை என்றால் கேரியரோடு ஒட்டிய கைப்பிடியை அப்படியே முன்னால் தள்ளிவிடலாம். எம்16இன் இழுவைக் கைப்பிடி பின்னால் இழுக்க மட்டும்தான். அதனால் தரைப்படை வலப்பக்கத்தில் ஒரு தள்ளுப் பொத்தானைக் கேட்டு வாங்கியது. ஸ்டோனருக்கும் விமானப்படைக்கும் அது பிடிக்கவில்லை. தானாகப் போக மறுக்கும் தோட்டாவைக் குத்தி உள்ளே தள்ளினால் சின்னச் சிக்கல் பெரிதாகும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். நானும் அந்தப் பக்கம்தான். அழுக்கான தோட்டா ஒன்றை எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றுவது எப்போதும் மேல். ஜி3இலும் கைப்பிடி போல்ட்டோடு ஒட்டியதில்லை. அங்கே பழக்கம் ஒன்றுதான். கைப்பிடியைப் பின்னால் இழுத்து, மேலே மாட்டி, உள்ளங்கையால் ஓங்கித் தட்டிவிட வேண்டும். பதமாகப் பிடித்து மெல்ல விட்டால் உருளைகள் தங்கள் இடத்தில் சரியாகப் போய் உட்காராமல் போகக்கூடும்.